ஒட்டுப் பூச்சுக்குப் பக்கத்தில்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் பிராகாரத்தில் நடப்பவர்கள் தூண்களில் உள்ள சிற்பங்களைப் பார்ப்பார்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பவர்கள் குறைவு. அந்த நெருக்கத்தைத் தீர்மானித்தது ஸ்தபதியின் அழகுணர்ச்சி மட்டுமல்ல. கருங்கல் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், வளைத்தால் தாங்காது. சாக்பீஸை நிறுத்திவைத்து விரலால் அழுத்திப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. இரண்டு முனையையும் பிடித்து வளைத்தால் பட்டென்று ஒடியும். இரண்டு தூண்களின் மேல் கிடக்கும் கல் உத்தரத்துக்கும் அதே கதிதான்: தன் எடையிலேயே வளையப் பார்க்கும், அடிப்பக்கம் விரியும், ஒருநாள் விட்டுவிடும். அதனால் கல்லை நம்பிக் கட்டியவர்கள் தூண்களை நெருக்கமாக நட்டார்கள்.

கோயிலைத் தாண்டித் தெருவுக்குள் வந்தால் காட்சி வேறு. பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறை, நடுவில் ஒரு தூணும் கிடையாது, தலைக்கு மேல் ஐந்து அங்குலக் கான்கிரீட் மட்டுப்பா. கல்லைப் போலவே கான்கிரீட்டும் வளைத்தால் உடையும். அதன் இழுவலிமை அழுத்த வலிமையில் பத்தில் ஒரு பங்குதான். அடிப்பக்கத்து இழுப்பைத் தாங்கிக்கொள்ள அங்கே கம்பி போடுகிறோம். தூண் இல்லாத அறை, சுவரை விட்டு வெளியே நீளும் சன்ஷேடு, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்தக் கம்பி கொடுத்த சௌகரியம்.

குமரி மாவட்டத்தில் மட்டுப்பாவின் அடி பொரிந்து கம்பி வெளியே தெரியும் வீட்டைப் பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். அதைப் பார்த்ததும், "அந்தக் காலத்து வேலை நிக்குது, சிமெண்டு வேலை நாற்பது வருஷம் தாங்கல" என்று பேச்சு வரும். எனக்கு இது நியாயமான ஒப்பீடாகத் தெரியவில்லை. கோயிலின் கல் மண்டபத்துக்குள் இழுப்பைத் தாங்கும் கம்பி இல்லை, அதனால் துருவும் இல்லை. வீட்டின் சௌகரியத்தைக் கம்பியிடம் வாங்கிக்கொண்டு, அதன் நோயைச் சிமெண்டின் தலையில் கட்டுகிறோம். இதே மாவட்டத்தில் 1966இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம் 28 தூண்களின் மேல், பறளியாற்றுக்கு 115 அடி உயரத்தில் வாய்க்கால் தண்ணீரைச் சுமந்தபடி ஏறத்தாழ அறுபது ஆண்டாக நிற்கிறது. அதுவும் கான்கிரீட்தான்.

ஆக, சாகிறது கம்பி. எப்படிச் சாகிறது என்று தெரிந்தால்தான் எதைக் கொண்டு காப்பாற்றலாம் என்பது விளங்கும்.

சிமெண்டு இறுகும்போது சுண்ணாம்பும் வேறு சில காரப்பொருள்களும் உண்டாகி, கான்கிரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் நீரில் கரைகின்றன. அந்த நீரின் பி.எச். மதிப்பு 12.5க்கு மேல்; தோலில் பட்டால் புண்ணாக்கும் காரம். அவ்வளவு காரத்தில் கிடக்கும் இரும்பின் மேல் ஓர் ஆக்சைடு படலம் தானாகவே உருவாகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர். ஆயிரக்கணக்கான படலங்களை அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலம் இருக்கும்வரை ஈரமும் காற்றும் உள்ளே வந்தாலும் கம்பி துருப்பிடிக்காது. கான்கிரீட் கம்பிக்குக் கொடுக்கும் பெரிய பாதுகாப்பு அதன் கெட்டித்தனத்தைவிட இந்தக் காரம்தான்.

அந்தப் பாதுகாப்பை இரண்டு விஷயங்கள் உடைக்கின்றன. ஒன்று காற்றிலுள்ள கரியமில வாயு. அது துளைகள் வழியே மெல்ல நுழைந்து சுண்ணாம்போடு சேர்ந்து காரத்தைக் குறைத்துக்கொண்டே போகும். பி.எச். 9க்குக் கீழே இறங்கிய இடத்தில் படலம் நிற்காது. இந்த நுழைவு காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். ஒரு கான்கிரீட்டில் கரியமில வாயு 10 மில்லிமீட்டர் போக 9 ஆண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மில்லிமீட்டர் போக 18 ஆண்டு அல்ல, 36 ஆண்டு ஆகும். கம்பிக்கு அடியில் விடும் கான்கிரீட் கனத்தை, அதாவது கவரை, இரட்டித்தால் ஆயுள் நான்கு மடங்காகிறது என்று அர்த்தம். வார்ப்பு நாளன்று கவர் கட்டை வைக்காமல் கம்பியைப் பலகையோடு படியவிட்டவர்கள் வீட்டுக்காரருக்குச் செய்த நஷ்டத்தை இந்தக் கணக்கிலிருந்து எடைபோடலாம்.

இரண்டாவது விஷயம் உப்பு. சுசீந்திரம் இருக்கும் நாஞ்சில் நாட்டுக்கு இதுதான் கொடியது. சுசீந்திரத்தை ஒட்டி ஓடும் பழையாறு சில மைல் தள்ளி மணக்குடியில் கடலில் சேர்கிறது. இரண்டு பருவமழை, நடுவே வெயில், ஆண்டு முழுக்கக் கடற்காற்று. உப்பிலுள்ள குளோரைடு காரத்தைக் குறைக்கக் காத்திருப்பதில்லை. காரம் நிறைந்த இடத்திலேயே படலத்தில் ஊசித்துளை போட்டுவிடும். வேலை முடிந்தபின் அது தீர்ந்தும் போகாது, அடுத்த துளைக்கு நகரும். காற்றில் மட்டுமா வருகிறது? கடலோரத்தில் உவர்க்கிணற்று நீரில் கலவை போட்ட வீடுகள் உண்டு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456. கடல்நீரில் இருப்பது சுமார் 19,000 மில்லிகிராம். கடலோரக் கட்டுமானத்துக்கு 45 மில்லிமீட்டர் கவர் வேண்டும் என்றும் அதே நூல் சொல்கிறது. நம் பழைய மட்டுப்பாக்களில் 15 இருந்தால் அதிகம்.

படலம் போனபின் நடப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். துரு, தான் உண்டான இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்குவரை இடம் கேட்கும். சுற்றியுள்ள கான்கிரீட் அந்த நெருக்குதலைத் தாங்காமல் கம்பியின் நீளத்துக்கு விரிசல் விடும், பிறகு பொரிந்து விழும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய வீடுகளுக்கு இன்னொரு கூடுதல் தொல்லை: அன்று புழக்கத்தில் இருந்த முறுக்குக் கம்பி. குளிர்ந்த நிலையில் முறுக்கி வலுவேற்றிய அந்தக் கம்பி, பழைய உருண்டைக் கம்பியைவிடச் சீக்கிரம் அரிக்கிறது என்பது அரிப்பைப் படித்த பொறியாளர்கள் பலருடைய குற்றச்சாட்டு.

இனி நாம் செய்யும் வைத்தியம். பொரிந்த இடத்தைக் கொத்தி எடுப்பார்கள். தெரியும் கம்பியை வயர் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். "ரெண்டு சட்டி சிமெண்டு கூடப் போட்டுப் பூசிருவோம்" என்பார் கொத்தனார். வெள்ளையடித்தபின் புது வீடு போல இருக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து மறுபடி பொரியும். ஆனால் பூசிய இடத்தில் அல்ல, அதற்குப் பக்கத்தில். கொத்தனார் ஏமாற்றிவிட்டார், சிமெண்டு போலி என்று பழி கிளம்பும். பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஒட்டுப் பூச்சு தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் பக்கத்தில் வெடித்தது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரே கம்பியின் எல்லா இடமும் ஒரே நேரத்தில் கரைவதில்லை. உப்பு அதிகம் சேர்ந்த ஓரிடத்தில் இரும்பு கரையத் தொடங்கும். கரையும் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுச் செல்கிறது. அவை கம்பி வழியாகவே அக்கம்பக்கத்துக்கு ஓடுகின்றன. எலக்ட்ரான் வந்து சேரும் பகுதி, அங்கேயும் உப்பு இருந்தாலும், கரையாமல் தப்பிக்கிறது. அதாவது கெட்ட இடம் தன்னைக் கரைத்துப் பக்கத்து இடத்தைக் காத்துக்கொண்டிருந்தது. நாம் போய் அந்தக் கெட்ட இடத்தைச் சுத்தம் செய்து, காரம் மிகுந்த புதுக் கலவையால் மூடினோம். அது கரைவதை நிறுத்தியது. இப்போது பக்கத்து இடத்துக்குப் பாதுகாப்பு இல்லை. அங்கே ஏற்கெனவே சேர்ந்திருந்த உப்பு வேலையைத் தொடங்குகிறது. போதாததற்கு, புதுப் பூச்சுக்குள் இருக்கும் பளபளப்பான கம்பி எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பதால் கரைதல் இன்னும் விரைவாகிறது. ஒட்டைச் சுற்றி வளையம் போல் துரு கிளம்புவது இதனால்தான். கூடுதல் சிமெண்டு இதற்கு மருந்தல்ல. சிமெண்டு மிகுந்த பூச்சு உலரும்போது அதிகம் சுருங்கும், பழைய கான்கிரீட்டோடு சேரும் விளிம்பில் மயிரிழை விரிசல் விடும், உப்புத் தண்ணீருக்கு அதுவே வழி.

கம்பியில் ஓர் இடம் தியாகியாக இருந்துதான் ஆக வேண்டும் என்றால், இரும்பைவிடச் சுலபமாகக் கரையும் வேறொரு உலோகத்தை அந்தப் பதவியில் வைத்தால் என்ன? இந்த யோசனைக்கு இருநூறு வயதாகிவிட்டது. கடற்படைக் கப்பல்களின் அடியில் அடித்த செப்புத் தகடு அரிப்பதைத் தடுக்க 1824இல் ஹம்ப்ரி டேவி அதோடு துத்தநாகத்தையும் இரும்பையும் சேர்த்துப் பார்த்தார். செம்பு கரையவே இல்லை. ஆனால் கரையும் செம்பின் நஞ்சுதான் அதுவரை கடற்சிப்பிகளை விரட்டியிருந்தது. அது நின்றதும் கப்பலின் அடியில் சிப்பிகள் மண்டி வேகம் குறைந்தது. அறிவியலாகப் பார்த்தால் வெற்றி, கப்பல்காரர்களுக்குத் தோல்வி. பின்னர் குழாய்களுக்கும் எஃகுக் கப்பல்களுக்கும் அந்த முறை போனது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு இதன் உறவுக்கார முறை ஒன்றை, வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தி, 1973இல் கலிபோர்னியாவின் ஒரு பாலத்தில் ரிச்சர்ட் ஸ்ட்ராட்ஃபுல் செய்து காட்டினார்.

இன்று கிடைக்கும் துத்தநாகக் கட்டி உள்ளங்கைக்குள் அடங்கும். சுற்றிலும் ஒரு சிறப்புக் கலவை, இரண்டு பக்கமும் கட்டுக்கம்பி. பழுது பார்க்கும் குழியின் விளிம்பில், சுத்தம் செய்த கம்பியோடு இறுக்கிக் கட்டி, மேலே பூசிவிடலாம். கம்பிக்குப் பதில் துத்தநாகம் கரையும். துறைமுக மேடை போன்ற உப்பு மிகுந்த இடங்களில் இவை பத்தாண்டுக்கு மேல் வேலை செய்வதைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். அரிப்பு ஆய்வில் தமிழ்நாட்டுக்குப் பழைய பெயரும் உண்டு. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1948இல். அந்த ஆய்வகம் மண்டபத்தில் கடலோரச் சோதனை நிலையம் வைத்திருக்கிறது. கம்பியின் மேல் பூசும் அரிப்புத்தடுப்புச் சிமெண்டுப் பூச்சு ஒன்றையும் உருவாக்கியது. கடலோர மாவட்டத்துக் கொத்தனார்களில் எத்தனை பேருக்கு இது எட்டியிருக்கிறது என்று கேட்டால்தான் சங்கடம்.

சுற்றுச்சூழலைக் கெடுக்காத பசுமைப் பொருள்களுக்குப் போகுமுன் துத்தநாகத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும் என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 விழுக்காடு சிமெண்டு ஆலைகளிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டால்தான் சிமெண்டின் கருவான கிளிங்கர் கிடைக்கும். எரிபொருளின் புகை ஒரு பங்கு என்றால், கல்லே வெந்து விடும் வாயு அதைவிடப் பெரிய பங்கு. எனவே ஐந்து ஆண்டுக்கொருமுறை சிமெண்டைப் பூசிப் பூசிக் கடைசியில் வீட்டையே இடித்துப் புதிதாகக் கட்டுவதைவிட மோசமான வழி இல்லை. டி சிட்டர் என்ற பொறியாளர் 1984இல் ஒரு கணக்குச் சொன்னார்: கட்டும்போது ஒரு ரூபாய் செலவழிக்கத் தவறினால் பராமரிப்பில் 5 ரூபாய், அதையும் தவறினால் பழுதுபார்க்க 25, அதையும் விட்டால் இடித்துக் கட்ட 125. துல்லியமான சூத்திரம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். போகும் திசை சரி. மறுமுறை செய்யத் தேவைப்படாத பழுதுவேலைதான் பசுமையான பழுதுவேலை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

அந்த "மற்ற எல்லாம்" நாஞ்சில் நாட்டுக்கு மிக அருகில் கிடக்கிறது. ஒரு டன் நெல்லைக் குத்தினால் சுமார் 200 கிலோ உமி வரும். உமியை எரித்தால் 40 கிலோ சாம்பல். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. அதனால் உமிச்சாம்பலில் 85 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா இருக்கும். அந்தச் சிலிக்கா சிமெண்டு இறுகும்போது மிஞ்சும் சுண்ணாம்போடு சேர்ந்து, சிமெண்டின் பசையைப் போன்ற பொருளையே மறுபடி உண்டாக்குகிறது. துளைகள் அடைபடுகின்றன, உப்பு நுழைவது கடினமாகிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த இந்தியரான பி. குமார் மேத்தா எழுபதுகளில் இதை விரிவாக ஆராய்ந்தார். ஒரு சூட்சுமம் உண்டு: கிட்டத்தட்ட 700 டிகிரிக்குள் எரித்தால் சிலிக்கா ஒழுங்கற்ற, வினைபுரியும் வடிவத்தில் இருக்கும். அதைத் தாண்டிக் கொளுத்தினால் படிகமாக இறுகி மணல் போலச் செத்துவிடும். ஆகவே புழுங்கல் அரிசி ஆலையின் அடுப்பிலிருந்து அள்ளிய கருப்புச் சாம்பலை அப்படியே கலவையில் கொட்டக் கூடாது. முறையாக எரித்து, நைசாக அரைத்து, சிமெண்டில் 10 முதல் 15 விழுக்காட்டுக்குப் பதிலாகச் சேர்க்க வேண்டும். தண்ணீரை அதிகம் குடிக்கும் சாம்பல் அது. கலவையை இளக்கும் மருந்தும் நல்ல நனைப்பும் இல்லாமல் போனால் பலன் தலைகீழாகும்.

உமிச்சாம்பலுக்கு அண்ணன் நிலக்கரிச் சாம்பல். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிச் சாம்பல் நமக்கு வெகுதூரமில்லை, கடையில் பி.பி.சி. என்று விற்கும் சிமெண்டு மூட்டையில் 15 முதல் 35 விழுக்காடுவரை அந்த வகைச் சாம்பல்தான். "சாம்பல் சிமெண்டு" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு கோயில் கதை சொல்ல வேண்டும். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் ஒரு சைவ ஆதீனம் இருக்கிறது. அங்கே இறைவன் கோயில் என்ற கருங்கல் கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு நிற்கும் அடித்தளம் வேண்டும் என்று கேட்டார்கள். உமிச்சாம்பல் மேத்தாவிடமே போனது அந்த வேலை. 1999இல் 117 அடி நீளம், 56 அடி அகலம், மொத்தம் 4 அடி கனத்தில் இரண்டு அடுக்காக அடித்தளம் வார்த்தார்கள். சிமெண்டும் சாம்பலும் சேர்ந்த பொடியில் சாம்பல் மட்டும் 57 விழுக்காடு. கம்பி ஒன்றுகூடப் போடவில்லை. ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்றால் துருப்பிடிக்கும் பொருளே உள்ளே இருக்கக் கூடாது என்பதுதான் யோசனை. அடித்தளம் முழுக்க அழுத்தத்தில் இருப்பதால் அங்கே அது சாத்தியம். நம் மட்டுப்பாவில் சாத்தியமில்லை. அந்தக் கோயிலை வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி திருவள்ளுவர் சிலையை எழுப்பியவரும் அவரே.

களிமண்ணும் இந்த வரிசையில் வருகிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கேரன் ஸ்க்ரிவனரின் குழுவும், டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து வளர்த்த எல்.சி.3 சிமெண்டில் கிளிங்கர் பாதிதான். மீதியில் 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுடாத சுண்ணாம்புக்கல், கொஞ்சம் ஜிப்சம். களிமண்ணைச் சுட 700 முதல் 850 டிகிரி போதும் என்பதால் கரியமில வாயு 30, 40 விழுக்காடு குறைகிறது. 2023இல் இதற்கு இந்தியத் தர எண்ணும் வந்துவிட்டது: ஐ.எஸ். 18189. தேவைப்படும் வெள்ளைக் களிமண் பக்கத்துத் திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டங்களில் தோண்டி எடுக்கப்படுகிறது. உப்பைத் தடுப்பதில் எல்.சி.3 மிகக் கெட்டி. ஆனால் சுண்ணாம்பு இருப்பு குறைவு என்பதால் கரியமில வாயுவைச் சமாளிப்பதில் சாதாரணச் சிமெண்டைவிடச் சற்று பின்தங்கும். உப்பே பெரிய எதிரியாக உள்ள கடலோரத்துக்கு நான் இதைத் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன். கடல் எட்டாத ஊரில் கவரை இன்னும் கூட்டச் சொல்வேன்.

இதுவரை சொன்னது நோயைத் தடுப்பது. கம்பி பாதி தின்னப்பட்டபின் உத்தரத்துக்கு மறுபடி வலுவூட்டுவது எப்படி? கார்பன் இழைத்துணியை எபாக்சி பிசினால் ஒட்டுவது இன்று நகரங்களில் நடக்கிறது. வலு அபாரம், விலையும் அபாரம். தீயில் பிசின் இளகிவிடும், ஈரம் உள்ளே சிறைப்படும். அதற்கு மாற்றாகக் கண்ணாடி இழை, எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த பசால்ட் இழை ஆகியவற்றை வலையாகப் பின்னி, பிசினுக்குப் பதில் மெல்லிய சிமெண்டுக் கலவையில் பதிக்கிறார்கள். துருப்பிடிக்க எதுவும் இல்லாததால் ஒரு சென்டிமீட்டர் கனமே போதும். சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இந்த இழைவலைக் கான்கிரீட்டில் நிறைய வேலை செய்திருக்கிறது.

நம் பக்கத்து இழை என்றால் தேங்காய்நார். இதைப் பற்றி மிகையாகப் பேசுகிறவர்களை நான் சந்தேகத்தோடு பார்ப்பேன். நார் மிக அதிகம் நீளக்கூடியது. பசால்ட்டின் வலுவில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கிடையாது. உத்தரத்தைத் தூக்கிப் பிடிக்க அதை நம்ப முடியாது. பூச்சில் கலந்தால் உலரும்போது வரும் விரிசலை மெல்லியதாக்கி நிறுத்தும், அந்த வேலைக்கு அது நல்லது. இன்னொரு சிக்கல், சிமெண்டின் காரம் நாரைத் தின்னும். பிரேசிலில் ரொமில்டோ டொலெடோ ஃபில்யோவின் குழு கற்றாழை நாரை வைத்து இதற்கு வழி கண்டது: சிமெண்டில் பாதியைச் சுட்ட களிமண்ணாக மாற்றினால் மிஞ்சும் சுண்ணாம்பு தீர்ந்துபோகிறது, நார் பிழைக்கிறது. அதே சுண்ணாம்பு தீர்ந்தால் கம்பிக்குப் பாதுகாப்புக் குறையும் என்பதை மேலே பார்த்தோம். ஆகவே நார்க்கலவை சுவர்ப் பூச்சுக்கு, கம்பி இருக்கும் இடத்துக்கு அல்ல. எந்தப் பொருளும் எங்கும் நல்லது என்று இந்தத் துறையில் கிடையாது.

சுண்ணாம்புக்கும் அதுவே பொருந்தும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் அரைத்த சுண்ணாம்புச் சாந்தின் பெருமையைச் சமீப காலமாக நிறையக் கேட்கிறோம். பெருமை உண்மைதான். வேலூர் வி.ஐ.டி. போன்ற இடங்களில் அந்தத் தாவரச் சேர்க்கைகள் சாந்துக்குள் என்ன செய்கின்றன என்று ஆராய்கிறார்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகுகிறது. சுடும்போது கல் விட்டதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சுசீந்திரம் கோபுரத்தின் செங்கல்லுக்கும் சுதைக்கும் சுண்ணாம்புதான் சரி. அங்கே சிமெண்டைப் பூசினால் கடினமான ஓட்டுக்குப் பின்னால் ஈரமும் உப்பும் தேங்கி, பழைய செங்கல்தான் உதிரும். ஆனால் அதே சுண்ணாம்பைப் பாரம்பரியம் என்ற பெயரில் மட்டுப்பாவின் கம்பிமேல் பூசுவது தவறு. கரியமில வாயுவை வாங்கி இறுகும் பொருள் தன் காரத்தை இழந்துதான் இறுகுகிறது. கம்பிக்கு அது காவல் அல்ல.

உப்பை வெளியே எடுக்கவே முடியாதா என்று கேட்பவர்களுக்குத் திருவள்ளுவர் சிலையே உதாரணம். சிலையின் மேல் காகிதக் கூழை அப்பி, கல்லிலுள்ள உப்பை அது உறிஞ்சியபின் உரித்தெடுத்து, மேலே நீர் ஒட்டாத ரசாயனம் பூசுவது அங்கே அவ்வப்போது நடக்கும் பராமரிப்பு. கான்கிரீட்டில் உப்பு ஆழத்தில் இருப்பதால் கூழ் மட்டும் போதாது. வெளியே ஈரக்கூழில் ஒரு மின்வாய் வைத்து, கம்பியை மற்றொரு முனையாக்கி, வாரக்கணக்கில் மின்சாரம் செலுத்திக் குளோரைடை வெளியே இழுக்கும் முறை உண்டு. பாலங்களுக்குச் சரி, ஓர் ஓட்டு வீட்டை மட்டுப்பாவாக மாற்றியவருக்குக் கட்டுப்படியாகாது. விரிசலைத் தானே அடைக்கும் பாக்டீரியா பற்றியும் செய்திகளில் படித்திருப்பீர்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஹெங்க் யோங்கர்ஸ் செய்த அந்த வேலை அற்புதமானது: உறங்கும் நுண்ணுயிர் விதைகள் விரிசல் வழியே தண்ணீர் வந்ததும் விழித்து, கூடவே வைத்த கால்சியம் உணவைத் தின்று சுண்ணாம்புக்கல்லாக மாற்றிவிடுகின்றன. விலையைப் பார்த்தால் இப்போதைக்கு அது பெரிய கட்டுமானங்களின் விஷயம்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது இதைவிட எளிது. பூச்சு வேலைக்குமுன் மட்டுப்பாவின் அடியைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடம், வெளியே பொரிந்த இடத்தைவிட எப்போதும் பெரியதாக இருக்கும். கொத்திய புது முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே திரவம்தான். பிங்க் நிறம் வந்தால் காரம் உயிரோடு இருக்கிறது. நிறமே வராவிட்டால் கரியமில வாயு அங்கே வந்துவிட்டது. பிங்க் இருந்தும் கம்பி அரித்திருந்தால் குற்றவாளி உப்பு. அப்போது துத்தநாகக் கட்டி இல்லாமல் ஒட்டுப் போடுவது வீண். கம்பியின் முகத்தை மட்டும் தேய்க்க விடாதீர்கள். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் குடைந்து, முழுச் சுற்றளவையும் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியின் கனம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தால் கொத்தனாரை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பூசியபின் ஏழு நாளாவது நனையுங்கள். சாம்பல் கலந்த சிமெண்டு என்றால் இன்னும் ஒரு வாரம். மேலே மட்டுப்பாவில் தண்ணீர் தேங்குமிடத்தைச் சரிசெய்யாமல் கீழே எதைப் பூசியும் பயனில்லை.

இடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், முதலில் அந்தக் கரைசலை வாங்கித் தெளித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதன் செலவு ஒரு மூட்டை சிமெண்டின் விலைக்குள் அடங்கும்.